பலப்பம் பதில்கள்

சாம்பியன் ரீஃப் அம்மா: பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. “இன்னிக்கு என்னடா படிச்சே?” என்றால் “ஒண்ணுமில்லே” என்கிறான். கட்டிய பீஸ் வீணா?

பதில்: வீட்டில் ‘குட்டி’ என்றால்தான் திரும்புவான், இல்லையா? இப்போது முழுப்பெயரைக் கூப்பிட்டால் “எஸ் மிஸ்” என்று எழுந்து நிற்கிறான். செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடி எடுக்கிறான். பாதி நாள் சரியான காலில் மாட்டவும் செய்கிறான். சுண்டுவிரலைத் தூக்கினால் வெளியே விடுவார்கள், ஆனால் மிஸ் திரும்பிப் பார்க்கும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது புரிந்துவிட்டது. குழாயடியில் வரிசையாக நிற்கிறான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை பெங்களூர் ரயில் ஏறுகிற பெரியவர்களுக்கு இன்னும் வராத வித்தை இது! ரப்பரைப் பிடுங்கினவனை மிஸ்ஸிடம் மாட்டிவிடுவதா, கடிப்பதா என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறான். கடைசியில் கடித்தான் என்றாலும் யோசித்தது யோசித்ததுதான்.

இதெல்லாம் படிப்பு என்று அவனுக்கே தெரியாது. அதனால்தான் “ஒண்ணுமில்லே”. என்சிஇஆர்டி 2021இல் கொண்டுவந்த ‘வித்யா பிரவேஷ்’ திட்டமே ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று மாதத்தை விளையாட்டுக்கும் பேச்சுக்கும் பள்ளிக்கூடம் பழகுவதற்கும்தான் ஒதுக்குகிறது. அரசாங்கமே மூன்று மாதம் பொறுக்கிறது. உங்களுக்கு மூன்று வாரத்துக்கே பொறுக்கவில்லை!

கோரமண்டல் மாமா: அக்கா பையன் யூகேஜி முடித்தான். அடுத்து என்ன வகுப்பு என்று கேட்டால் நம் கோலார் தங்கவயலின் பெயரையே சொல்லி ‘கேஜிஎஃப்’ என்கிறான்.

பதில்: எல்கேஜி, யூகேஜி, கேஜிஎஃப். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? பையன் தேறுவான்.

மாரிக்குப்பம் பாட்டி: பேத்திக்கு வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் கன்னடம், டிவியில் இங்கிலீஷ். சின்ன மண்டை குழம்பிப் போகாதா சாமி?

பதில்: குழம்புவது நம் மண்டை. அவள் மண்டையில் ஓர் ஆராய்ச்சியே நடக்கிறது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2013 முதல் பால் தருகிறார்கள். வீட்டில் பால்; பள்ளியில் அதே டம்ளர் ஹாலு. பத்து, ஹத்து. பூ, ஹூவு. புலி, ஹுலி. ஒரு வாரம் கேட்டதும் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிடுகிறது: ‘ப’வை எடுத்துவிட்டு ‘ஹ’வைப் போட்டால் கன்னடம்! பழைய கன்னடத்திலும் ‘ப’தான் இருந்தது, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்தான் ‘ஹ’வாக மாறத் தொடங்கியது என்று மொழியியல்காரர்கள் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பேத்திக்கு ஒரு டம்ளர் பால் போதும்.

ஆனால் கண்டுபிடித்த விதியை எல்லாவற்றின் மேலும் பிரயோகிப்பாள். ஒருநாள் உங்களை ‘ஹாட்டி’ என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ‘பள்ளி’க்குக் கன்னடத்தில் ‘ஹள்ளி’ என்று ஓர் உறவுக்காரன் உண்டு. அவன் பள்ளிக்கூடமில்லை, கிராமம். அந்தப் பள்ளத்தில் ஒருமுறை விழுவாள், எழுந்துகொள்வாள். 2015ஆம் வருஷச் சட்டப்படி கர்நாடகத்தில் எந்தப் பள்ளியானாலும் கன்னடம் கட்டாயம். ஆகவே தடுக்கப் பார்க்காதீர்கள். ராத்திரிக் கதையை மட்டும் தமிழில் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை எந்தச் சட்டமும் அவளுக்கு நடத்தாது.

ஆண்டர்சன்பேட்டை அப்பா: அரசுப் பள்ளியில் ‘நலி கலி’ என்று சொல்லித் தருகிறார்களாம். பெயரே பயமாக இருக்கிறதே?

பதில்: தமிழ்க் காதுக்கு நலிவும் கலிகாலமும் சேர்ந்து வந்த மாதிரிதான் கேட்கும். கன்னடத்தில் ‘நலி’ என்றால் மகிழ்ந்திரு, ‘கலி’ என்றால் கற்றுக்கொள். ரிஷி வேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்து, 1995 வாக்கில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கிய முறை. முதல் மூன்று வகுப்பும் கலந்து உட்காரும். பாட அட்டைகளை ஏணிப்படி போல ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். முந்தினவன் முந்தலாம், பிந்தினவனுக்கு அடி கிடையாது. உங்கள் மகன் ஒரே அட்டையில் பத்து நாள் உட்கார்ந்திருந்தாலும் அவசரப்படாதீர்கள். அந்த அட்டையில் யானைப் படம் இருக்கிறதோ என்னவோ.

பால்காட் தாத்தா: மணலில் எழுதிப் படித்த நாங்கள் கெட்டுப் போய்விட்டோமா?

பதில்: உங்கள் மணல் சீமைக்கே போயிருக்கிறது. மெட்ராஸில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோனார். தன் வாத்தியார்கள் ஒத்துழைக்காததால் 8 வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். நம் சட்டாம்பிள்ளைதான்! 1797இல் அதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே தங்கம் தோண்ட வருமுன்பே மணல் கப்பலேறிவிட்டது.

ஒன்று மட்டும்: பேரனுக்கு மணலில் எழுதக் காட்டுங்கள், ஆனால் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டு மண்ணில் வேண்டாம். காற்றடித்தால் அது தானாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாம் வேறு போய் அழைக்க வேண்டுமா?

இன்னொரு அம்மா: பையன் பலப்பத்தைத் தின்கிறான்.

பதில்: நானும் தின்றவன்தான், ருசி தெரியும். இருந்தாலும் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் இந்த ஆசை வரும்.

ராபர்ட்சன்பேட்டை அப்பா: பெங்களூரில் வேலை. மகள் எழுமுன் ரயில், தூங்கினபின் வீடு. அவள் என்ன கற்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்பு இங்கே அப்பாக்கள் ஷிப்ட் கணக்கில் கிடைத்தார்கள். இப்போது ரயில்வே அட்டவணைப்படி கிடைக்கிறார்கள். சிலேட்டைத் துடைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி வந்ததும் பாருங்கள். கோணல் கோடோ, தலைகீழ் ‘அ’வோ இருக்கும். கீழே பதில் எழுதிவிட்டுப் படுங்கள். வாக்கியம் வேண்டாம், அவளுக்கு இன்னும் படிக்க வராது. படம் போடுங்கள். படம் வராது என்று சொல்லாதீர்கள். தினம் இரண்டு வேளை பார்க்கிறீர்களே, ரயிலாவது வரும்.