ஷட்டர் மாமா

கொள்ளிடத்தின் வடகரை ஊர்களில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடுகளுக்கென்று ஒரு முகவெட்டு உண்டு. வாசலில் பளபளக்கும் எஸ்எஸ் கைப்பிடி, மொட்டை மாடியில் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை, பக்கவாட்டில் ஒரு கார் ஷெட். ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர். ஷட்டருக்கு ரிமோட். கார் மட்டும் இருக்காது. உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். அதை ஒட்டி நாலு நெல் மூட்டை, கொஞ்சம் தென்னை மட்டை, பேரப்பிள்ளையின் உடைந்த நடைவண்டி.

இந்த வீட்டுக்காரரைத்தான் ஷட்டர் மாமா என்கிறேன். அவர் ஒரே ஆள் அல்ல. திருமானூர், ஏலாக்குறிச்சி, கீழப்பழுவூர் என்று எங்கே போனாலும் இருக்கிறார். திருமழபாடியிலும் இருக்கிறார். சிங்கப்பூரிலோ துபாயிலோ பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஏதோ ஒரு முதலாளி வீட்டில், கார் தெருமுனையில் திரும்பும்போதே கதவு தானாக மேலே போனதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே சங்கல்பம் செய்துகொண்டார். கார் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கதவு முதலில்.

கதவை மின்சாரத்தால் தூக்கும் யோசனை அமெரிக்காவில் பழசு. சி. ஜி. ஜான்சன் என்பவர் 1921இல் மேல்நோக்கித் தூக்கும் கதவைச் செய்தார். 1926இல் அதற்கு மோட்டாரும் வைத்தார். ரேடியோ ரிமோட் பிறகு வந்து சேர்ந்தது. அந்த ரிமோட்டின் முதுகில் ஒரு கிளிப் இருக்கும். காரில் முகத்துக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சரிதான், ஆனால் மோட்டார் சைக்கிளில் வெயில் மறைப்புக்கு எங்கே போவது? மாமாவின் வாழ்க்கைப் பிரச்சினை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார். வயலில் குனிந்தபோது வாய்க்காலில் விழப்போனது. வேட்டி மடிப்பில் செருகினார். அது இன்னும் மோசம். வீட்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து கிளாஸை வாங்கினால் மடிக்குள் இருக்கும் பட்டன் அமுங்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் ஷட்டர் கடகடவென்று மேலே போகும். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தால் அமுக்கம் விடும். மறுபடி சாய்ந்தால் ஷட்டர் பாதியில் நிற்கும். உள்ளே மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை வெளியே வந்து, "ஏங்க, கதவு பேய் புடிச்ச மாதிரி ஆடுதுங்க!" என்று கத்துவார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பி மாமாவின் மடியைப் பார்ப்பார்கள்.

சாவிக்கொத்தில் மாட்டியது அடுத்த கட்டம். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வண்டி ஓடும்போது ரிமோட் ஆடி ஆடி ஹெட்லைட் மூடியில் மோதியதில் பெயின்ட் போனது. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் மாட்டிக்கொண்டு பட்டன் அமுங்கியது. இக்னிஷனில் சாவி இருக்கும்வரை அந்தக் கொத்தைக் கையில் எடுக்கவும் முடியாது. குனிந்து, ஒரு கையால் தடவி, பட்டனைத் தேடி அமுக்குவதற்கு, இறங்கிப் போய்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்சையே அமுக்கிவிடலாம். ஆனால் இறங்குவது தோல்வி. மாமாவின் அகராதியில் காலைத் தரையில் ஊன்றலாம், இறங்கக் கூடாது.

ஆக, ஹேண்டில்பார்.

பஞ்சர் கடைக்கும் மெக்கானிக் கடைக்கும் பொதுவான ஒரு பொருள் பழைய ட்யூப். அதை நீள நீளமாக நறுக்கிச் சுற்றிக் கட்டினால் பிடிக்காத பொருள் இந்த நாட்டில் கிடையாது. கேபிள் டை வெயிலில் காய்ந்து படக்கென்று ஒடியும். எம்-சீல் ஒட்டினால் பிறகு பேட்டரி மாற்ற முடியாது. ட்யூப் துண்டு மட்டும்தான் அதிர்வையும் தாங்கி, தேவைப்பட்டால் அவிழ்க்கவும் விடும். அமெரிக்காவில் இதே வேலைக்குத் தண்ணீர் புகாத டப்பா, காந்தப் பிடி என்றெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். நம் மெக்கானிக் தம்பி கேட்டது இரண்டே கேள்வி.

"எந்தப் பக்கம் மாட்டணும்ண்ணே?"

"எடது பக்கம்."

"எடதுல ஹாரன், இண்டிகேட்டர், டிம்-பிரைட்டு எல்லாம் இருக்கே. க்ளட்ச் வேற புடிக்கணும்."

"வலது கை ஆக்சிலேட்டர்டா தம்பி. எடதுல கட்டைவிரல் சும்மாதானே கெடக்கு?"

கட்டைவிரல் சும்மா கிடக்கவில்லை என்பது அன்று மாலையே தெரிந்தது. நம் ஊரில் வண்டி ஓட்டுகிறவனின் இடது கட்டைவிரலுக்கு ஓய்வே இல்லை. கோழிக்கு ஹாரன், ஆட்டுக்கு ஹாரன், தெரிந்தவருக்கு ஹாரன், தெரியாதவருக்கும் ஹாரன். மாமா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வரும்போது எதிரே சம்பந்தி வந்தார். மரியாதையாக ஹாரன் அடித்தார். விரல் ரிமோட்டில் பட்டு ஷட்டர் திறந்தது. சம்பந்தி நின்று குசலம் விசாரித்துவிட்டுக் கிளம்ப, போய்வாருங்கள் என்று மறுபடி ஹாரன். இந்த முறை விரல் வேறு பட்டனில் பட்டது.

இந்த மாதிரி ஷட்டர் ரிமோட்டில் வழக்கமாக நாலு பட்டன் இருக்கும். மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று, நிறுத்த ஒன்று. நாலாவதில் பூட்டுப் படம் போட்டிருக்கும். பல மோட்டார்களில் அந்தப் பூட்டை அமுக்கிவிட்டால் சுவரில் உள்ள ஸ்விட்சும் மரத்துப் போகும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. அன்று அதில் மாட்டியது அத்தை. உள்ளே நின்று ஸ்விட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டுவிட்டார். மாமா வாசலில் வண்டி மேல் கம்பீரமாக உட்கார்ந்து, நாலு பட்டனில் எது எது என்று கண்ணாடி இல்லாமல் தேடிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். சாதாரண டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது; பெட்டியைப் பார்த்து நீட்டித்தான் ஆக வேண்டும். ஷட்டர் ரிமோட் ரேடியோ அலை, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். எந்தப் பக்கம் பார்த்து அமுக்கினாலும் ஒன்றுதான். இதை மாமாவிடம் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ரிமோட் ஹேண்டில்பாரில் கட்டியிருப்பதால் வண்டியையே ஷட்டருக்கு நேராகத் திருப்பி, உடம்பையும் முன்னால் வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவார். திறந்துவிட்டால், வளைந்ததால்தான் திறந்தது என்று முடிவு.

திறக்காத நாட்களும் வந்தன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகளும், அவற்றுக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர்களும் நிறைந்த வட்டாரம். (2001இல் திறந்து, 2002இல் மூடி, 2007 நவம்பரில் மறுபடி திறந்த மாவட்டம் இது, மாமாவின் ஷட்டரை ஊரார் கேலி செய்ய அருகதை கொஞ்சம் குறைவு.) மெயின் ரோட்டுப் புழுதி பட்டன் இடுக்கில் நுழைந்து கெட்டிப்படும். ஐப்பசி மழைக்குப் பால் கவரைக் கழுவி ரிமோட்டுக்குச் சட்டை போட்டார். கவருக்குள் வேர்த்து ஈரம் கோத்தது. சித்திரை வெயிலில் பெட்ரோல் டேங்கில் கை வைக்க முடியாது. அந்த வெயிலை ரிமோட்டும் வாங்கிக்கொண்டது. கடைசியில் பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தடவை திறக்கும் என்ற நிலைமை. மூடுவதற்கு மட்டும் ஒரே அமுக்கு போதும்.

இதைச் சொன்னபோது எங்கள் ஊர் ஓதுவார் மரபில் வந்த பெரியவர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். திருமறைக்காட்டில் பூட்டிக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமானதாக இருந்தது. அப்பருக்கு அதில் மனவருத்தம்கூட உண்டு என்கிறது பெரியபுராணம். "ரெண்டு பேரும் நம்ம மழபாடிக்கும் வந்து பாடியிருக்காங்க தம்பி. கதவுன்னா தொறக்கறதுதான் கஷ்டம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். மாமாவிடம் போய்ச் சொன்னேன். "அவங்களுக்குப் பேட்டரி செலவு இல்லையே" என்றார்.

பேட்டரிச் செலவுதான் அவரை அடுத்த ஆராய்ச்சிக்குத் தள்ளியது. ரிமோட்டுக்குள் இருப்பது சுண்டுவிரல் நுனி அளவு பேட்டரி, ஆனால் 12 வோல்ட். வண்டி பேட்டரியும் 12 வோல்ட். இந்த ஒற்றுமை மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது. வண்டியிலிருந்தே ஒரு வயரை இழுத்து ரிமோட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? வண்டி ஓடும்போது சார்ஜிங் 14 வோல்ட்டைத் தொடும் என்று மெக்கானிக் தம்பி பயமுறுத்தினார். மாமா கேட்டுக்கொண்டார், ஆனால் அடங்கவில்லை. ஹெட்லைட்டை இரண்டு தடவை பளிச் பளிச் என்று அடித்தால் கதவு திறக்கிற ஒரு கருவி அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்றே விற்பனையில் இருக்கிறது என்று மருமகன் ஃபோனில் சொல்லிவிட்டார். அதை வரவழைக்கலாமா என்று ஒரு வாரம் பேச்சு.

நல்லவேளை, வரவில்லை. இங்கே லைட் அடிப்பது தனி பாஷை. எனக்கு வழி விடு, உனக்கு வழி விட்டேன், முன்னால் போலீஸ் நிற்கிறது, உன் வண்டியில் சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை, மச்சான் எப்படி இருக்கே, இத்தனைக்கும் அதுதான். அந்தத் தெருவில் ஷட்டர் ஒரு நிமிஷம் சும்மா நின்றிருக்காது.

சும்மா நிற்கவும் விடக் கூடாது என்பது ஆட்டுக்குட்டி விஷயத்தில் தெரிந்தது. ஷட்டர் திறந்திருந்தால் சரியாக அந்தக் கோட்டில்தான் நிழல் விழும். ஆடு அங்கேதான் படுக்கும். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், இறங்கும் வழியில் ஏதாவது குறுக்கே இருந்தால் கதவு திரும்பி மேலே போகும்படி ஒரு கண்ணோ அதற்கு ஈடான ஏற்பாடோ கட்டாயம். குழந்தைகள் மாட்டிச் செத்த பிறகு போட்ட சட்டம். மாமா வாங்கிய மோட்டாருக்கு அந்தக் கண் தனி விலை, வேண்டாம் என்றுவிட்டார். அதனால் இப்போது மாமா ரிமோட்டை அமுக்குவதற்கு முன் அத்தையைக் கூப்பிட்டு, "ஆடு இருக்கா பாரு" என்கிறார். அத்தை வந்து, ஆட்டை விரட்டி, "ம், அமுக்குங்க" என்று சொன்ன பிறகு அமுக்குகிறார். யாரும் வெளியே வராமல் கதவைத் திறக்கத்தானே இத்தனையும் என்று அத்தை ஒருநாள் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலைவரை ரிமோட்டும் ஒன்றுதான், பிள்ளையார் சிலையும் ஒன்றுதான். அதற்கென்று ஷட்டர் ஓரத்தில் ஒரு சங்கிலி தொங்கும். இழுக்க இழுக்க அரை அரை அடியாகக் கதவு ஏறும். மாமா அதைத் தொடுவதில்லை. வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து, கரண்ட் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவரும் ரிமோட் வைத்திருக்கிறார். போர் மோட்டாருக்கு சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். கரண்ட் ராத்திரியில் வந்தால், வரப்பில் பாம்புக்குப் பயந்து டார்ச் பிடித்துப் போக வேண்டியதில்லை. படுத்தபடி ஒரு ஃபோன் போட்டால் மோட்டார் ஓடுகிறது. திருப்பி மெசேஜும் வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமே கொடுக்கிறது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மோட்டார் ஓடுவதை யாரும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லை. மாமாவுக்குத் தெருவில் யாராவது நின்றால்தான் கட்டைவிரல் துடிக்கும். யாரும் இல்லாத மத்தியான வேளையில், வெயில் கொளுத்தும்போது, அவர் வண்டியை விட்டு இறங்கி, சத்தமில்லாமல் சுவர் ஸ்விட்சை அமுக்கி உள்ளே போவதை என் ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் எங்கள் திருமழபாடியில் நந்தி கல்யாணம் வருகிறது. திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கொள்ளிடத்தைத் தாண்டி வருவார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லி, மணமாகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஷட்டர் மாமாக்கள் அத்தனை பேரும் வண்டியில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் பக்கம் வண்டியை நிறுத்தும்போது ட்யூப் துண்டை அவிழ்த்து ரிமோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அது உங்கள் வீட்டு வாசல் சாவி. பழைய ரக ரிமோட் அனுப்புகிற எண் மாறுவதே இல்லை. கொஞ்ச நேரம் கையில் கிடைத்தால் போதும், நகல் எடுத்துவிடலாம். பேட்டரி வாங்கப் போனால் பழைய பேட்டரியைக் கையில் கொண்டு போங்கள். அதன் மேல் 23ஏ என்றோ 27ஏ என்றோ போட்டிருக்கும். வெறுமனே 12 வோல்ட் என்று கேட்டால் கடைக்காரர் வண்டி பேட்டரியைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிடுவார்.