வைகறை ஊடல்: கிரான் வேலைகள் பற்றிய ஒரு பொருளிலக்கண ஆய்வு

மருதத்திணைக்குச் சிறுபொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். வைகறையாவது பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை. யூனிக்ஸ் வழிவந்த ஃபிரீபிஎஸ்டியில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான் அன்றாடப் பராமரிப்பு வேலையைக் கிளப்புவது 3:01க்கு. வார வேலை சனிக்கிழமை 4:15க்கு. மாத வேலை 1ஆம் தேதி 5:30க்கு. ஆகவே யூனிக்ஸ் சர்வர் மருதநிலத்தது என்பது பெறப்படும். டெபியன் லினக்ஸில் அன்றாட வேலை 6:25க்கு ஆயிற்றே எனின், அது விடியலின்பாற்படும். விடியலும் மருதத்துக்கு உரியதே என்க.

இனி ஊடலின் இலக்கணம். பகலில் நாம் கையால் ஓட்டினால் ஸ்கிரிப்ட் சிரித்த முகமாய் ஓடும்; இரவில் கிரான் அழைத்தால் படி தாண்டாது. காரணம் பெரும்பாலும் 'பாத்'. நாம் லாகின் செய்யும்போது ஷெல் நம் புரொஃபைல் கோப்பைப் படித்து, கட்டளைகளை எந்தெந்த டைரக்டரியில் தேடுவது என்று தெரிந்துகொள்கிறது. கிரான் அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரானுக்கு, நாமாக எதுவும் சொல்லாவிட்டால், தெரிந்த தெருக்கள் இரண்டே: 'பின்', 'யூஎஸ்ஆர் பின்'. நாம் ஆசையாய் வேறு இடத்தில் நிறுவிய மென்பொருளை அது கண்டதே இல்லை. ஐயமுற்றோர் கிரானின் வேலை அட்டவணையான கிரான்டேப்பில் ஓர் இரவு, சூழல் மாறிகளைக் காட்டும் 'என்வ்' கட்டளையை மட்டும் போட்டு, வருவதைக் கோப்பில் பிடித்துப் பார்க்க. அந்த வறுமையைக் கண்டால் கோபம் போய்விடும். கட்டளைக்கு முழு விலாசம் எழுதினால் ஊடலும் போய்விடும்.

சிறு ஊடல்களும் உள. கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அங்கேயே வரி முறியும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கப் போனவர் இதை அறிவார். டெபியனின் அன்றாட வேலை டைரக்டரியில் போட்ட கோப்பின் பெயரில் ஒரு புள்ளி இருந்தால், அது ஆளே இல்லாததுபோல் தாண்டிப் போகப்படும். 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை என இரண்டையும் குறித்தால், இரண்டும் கூடும் நாளில் மட்டும் ஓடாது. எல்லா 13ஆம் தேதியிலும் ஓடும், எல்லா வெள்ளியிலும் ஓடும். உம்மை என்று நாம் நினைத்தது அங்கே 'அல்லது'.

ஊடல் தீர்க்கத் தூது செல்லும் வாயில் வேண்டும். இங்கே பாணன், மெயில். வேலை எதைப் புலம்பினாலும் கிரான் அதைக் கடிதமாக்கி அனுப்பும். மருதத்தில் வாயிலை அனுப்புபவன் தலைவன். இங்கே ஊடியவளே அனுப்புகிறாள். இது வழுவமைதி. சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளே இல்லையென்றால் பாணன் இல்லாத ஊர்; அங்கே சிஸ்லாக் பதிவேட்டைத்தான் கிளற வேண்டும்.

கடிதத் தொல்லை தாங்காதவர்கள் வரியின் கடைசியில் எல்லாப் பேச்சையும் 'டெவ் நல்' என்னும் அடியில்லாக் கிணற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். நானும் ஒரு பேக்கப் வேலைக்கு அப்படிச் செய்திருந்தேன். பாணனைக் கிணற்றில் தள்ளியது மறந்துபோய், தலைவி ஏன் பேசவில்லை என்று இரண்டு நாள் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன்.