ரயில் ஏன் வரவில்லை என்று தெரிந்தவர்

நியூயார்க்கில் எந்த சப்வே நிலையத்தில் இறங்கினாலும் அவரைப் பார்க்கலாம். பிளாட்பார விளிம்பில் இருக்கும் மஞ்சள் பட்டையில் ஒரு காலை ஊன்றி, கழுத்தை மட்டும் சுரங்கத்துப் பக்கம் நீட்டி, இருட்டில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவர். அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும் பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது. அதை அவர் நம்புவதில்லை. கையிலிருக்கும் போனும் அதையேதான் சொல்கிறது. அதையும் நம்புவதில்லை. தன் கழுத்தை நம்புகிறார். அவர் எட்டிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் அம்மாளும் எட்டிப் பார்ப்பார்; அந்த அம்மாளைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிடத்தில் பிளாட்பாரம் முழுக்க ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். வண்டி என்னவோ அது நினைத்தபோதுதான் வரும்.

இவர் இன்ன நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாது. கயானாவிலிருந்து வந்த நர்ஸாக இருக்கலாம், பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்த பள்ளி வாத்தியாராக இருக்கலாம், ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பிடித்து அங்கேயே தலை நரைத்த நம் ஊர் மாமாவாகவும் இருக்கலாம். அந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தால் ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆவார் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். என் கணக்கு வேறு. ரயில் ஏன் வரவில்லை என்று முன்பின் தெரியாதவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார் அல்லவா, அன்றைக்கு ஆகிவிடுகிறார்.

விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. 'சிக்னல் கோளாறு' என்று ஒலிபெருக்கி சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். இந்த சிக்னல் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் போட்டது என்பார். மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். 1904-இல் ஓட ஆரம்பித்த இந்த ரயிலில் பல தடங்களில் இன்னமும் பழைய முறைதான். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டில் வண்டி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் சிக்னலுக்குத் தெரியும், அந்தத் துண்டுக்குள் எங்கே என்று தெரியாது. ஆகவே பின்னால் வரும் வண்டி எதற்கும் இருக்கட்டும் என்று தள்ளியே நிற்கும். எல் தடமும் ஏழாம் நம்பரும் கம்ப்யூட்டர் முறைக்கு மாறிவிட்டன. மற்றவை ஒவ்வொன்றாக மாறுகின்றன. மாற்றுகிற வேலை சனி ஞாயிறுகளில் நடப்பதால் அன்றைக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் போ என்று தூணில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "ரயில் நல்லா ஓடணுங்கறதுக்காக ரயிலை நிறுத்தறாங்க" என்று நம்மவர் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அறிவிப்புகளை அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். 'முன்னால் ரயில் நெரிசல்' என்றால் காரணம் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். 'கட்டுப்பாட்டாளர் நிறுத்தி வைத்திருக்கிறார்' என்றால் தெரியும், சொல்ல மாட்டார்கள். 'பயணி ஒருவருக்கு உடல்நலக் குறைவு' என்று வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்; பிறகு, அடடா, பாவம் என்று முகத்தை மாற்றிக்கொள்வார். இரண்டுக்கும் இடையே ஒரு கால அவகாசம் இருக்கிறது. நல்ல மனிதர்களுக்கு அரை விநாடி. திங்கட்கிழமை காலையில் கொஞ்சம் கூடுதல்.

எங்கே நிற்பது என்பது தனிக் கலை. இறங்கும் நிலையத்தில் மாடிப்படி எந்தக் கதவுக்கு நேராக வரும் என்று தெரிந்து, ஏறும் நிலையத்தில் அந்தக் கதவு வந்து நிற்கும் இடத்தில் போய் நிற்பார். இதில் மிச்சமாகும் முப்பது விநாடிக்காக முன்கூட்டியே பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்திருப்பார். ஜி தடத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அங்கே பிளாட்பாரம் நீளம், வண்டி குட்டை. விவரம் தெரியாமல் கோடியில் நின்றவர்கள், வண்டி நடுவிலேயே நின்றுவிடுவதைப் பார்த்துவிட்டு, பையும் குடையும் காப்பியுமாக ஓடி வருவார்கள். நம்மவர் நடுவில் நின்றுகொண்டு அவர்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே தினமும் கால் மணி நேரம் காத்திருக்கலாம்.

கூட்டமான வண்டியில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறக்கூடாது என்பதும் பாலபாடம். கோடையில் ஏசி செத்துப்போன பெட்டியாக இருக்கும்; மற்ற நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கி ஓட வைக்கும் பெட்டியாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் 'ஆகா, இடம் இருக்கிறது' என்று சந்தோஷமாக ஏறுவார்கள். ஊர்க்காரர்கள் தடுத்துச் சொல்லலாம். சொல்ல மாட்டார்கள். அவர்களும் ஒருநாள் கற்றுக்கொண்டவர்கள்தானே.

எனக்கு அந்த ரயிலில் மிகவும் பிடித்தது கண்டக்டரின் விரல். பிளாட்பாரத்தின் நடுப்பகுதியில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு பலகை மாட்டியிருக்கும். வண்டி நின்றதும் கண்டக்டர் ஜன்னலைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலால் அந்தப் பலகையைச் சுட்டிக்காட்ட வேண்டும். வண்டி முழுக்க பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டது, கதவைத் திறக்கலாம் என்பதற்கு அத்தாட்சி. ஒவ்வொரு நிலையத்திலும், மழையோ பனியோ, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் காட்டியே தீர வேண்டும். 2013-இல் இரண்டு குறும்புக்காரர்கள் அந்தப் பலகைக்குக் கீழே போய் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'நீங்கள் பேரழகர் என்றால் இங்கே காட்டுங்கள்' என்ற தினுசில் வாசகம். கண்டக்டர்கள் வேறு வழியின்றிக் காட்டினார்கள், பலர் சிரித்துக்கொண்டே. நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடும் இந்த அமைப்பில் தவறாமல் நடக்கிற காரியம் இந்த விரல் ஒன்றுதான் என்பது நம்மவர் கட்சி.

அரசியல் பேசாமல் அவரால் இரண்டு நிலையம் கடக்க முடியாது. 1904 அக்டோபர் 27 திறப்பு விழாவிலிருந்தே ஆரம்பிப்பார். மேயர் மெக்லெல்லன் கைப்பிடியைத் தொட்டு வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மனிதர் கைப்பிடியை விடவே இல்லை. கூட இருந்த அதிகாரிகள் வியர்த்து நிற்க, 103-ஆம் தெரு வரை தானே ஓட்டிக்கொண்டு போனார். ஓடும்போது எல்லாரும் கைப்பிடியைப் பிடிக்க வருவார்கள், நின்றுபோனால் ஒருவரும் அருகில் வர மாட்டார்கள் என்பார் நம்மவர். ரயிலை நடத்தும் வாரியம் மாநில ஆளுநரின் பிடியில் இருக்கிறது. சுரங்கமும் தண்டவாளமும் நகரத்துச் சொத்து. கோபப்படுபவர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருவரையும் திட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் இல்லை. 1920-களிலிருந்து பேசிவந்த இரண்டாம் அவென்யூ சப்வேக்கு 1972-இல் மண் வெட்டினார்கள். வெட்டியதோடு பணம் தீர்ந்தது. 2017 புத்தாண்டு அன்றுதான் மூன்றே மூன்று புதிய நிலையங்கள் திறந்தன. அதற்கு முந்தைய இரவு ஆளுநர் குவோமோ நிலையத்துக்குள்ளேயே விருந்து வைத்தார். அதே வருஷம் ஜூனில், ரயில் நிலைமை இனித் தாங்காது என்று அவசரநிலை அறிவித்தவரும் அவர்தான்.

எல் தடத்துக் கதை இன்னும் சுவை. 2012-இல் சாண்டி புயலில் ஆற்றுக்கடியில் போகும் சுரங்கத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. பழுதுபார்க்க 2019 ஏப்ரலிலிருந்து பதினைந்து மாதம் புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் நடுவே ரயில் ஓடாது என்று இரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் பதறிப்போய் வீடு மாற்றினார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் வாடகை இறங்கியது. எல்லாரும் பெட்டி கட்டி முடித்த பிறகு, 2019 ஜனவரியில், முழுசாக நிறுத்த வேண்டாம், இரவிலும் வார இறுதியிலும் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார் ஆளுநர். நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். மாறிப்போனவர்களுக்கு வந்த கோபம் ரயிலை நிறுத்தியிருந்தால்கூட வந்திருக்காது.

ரயிலை விட்டு மேலே வந்தாலும் அவர் வாய் ஓய்வதில்லை. வீடு இருக்கிறதே. மாத வாடகையைப்போல் நாற்பது மடங்கு வருஷ வருமானம் காட்டினால்தான் சாவி தருவார்கள். சாவி வாங்கி உள்ளே போனால் நீராவி சூடேற்றி அவர் பேச்சைக் கேட்காது. ஜனவரிக் குளிரில் வீடு கொதிக்க, ஜன்னலைத் திறந்து வைத்துத் தெருவுக்குச் சூடு கொடுப்பார். கார் வைத்திருப்பவர் பாடு தனி. தெருக் கூட்டும் வண்டிக்காக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் காரை நகர்த்த வேண்டும். அதற்காகக் காருக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக் காத்திருப்பார்கள். பண்டிகை நாட்களில் இந்த விதிக்கு விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் தீபாவளியும் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காரை நகர்த்தாமல் இருப்பதுதான் குவீன்ஸில் தீபாவளி.

இவ்வளவு குறை சொல்கிறவர் அந்த ரயிலை வெறுக்கிறார் என்று நினைத்தால் நினைத்தவர் பாடு திண்டாட்டம். சென்னையிலிருந்து வந்த மருமான் ஒருவன் அப்படி நினைத்துவிட்டான். மாமா விமான நிலையத்திலிருந்தே ஆரம்பித்திருந்தார்: அழுக்கு, எலி, லேட்டு. பையன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னான்.

"எங்க மெட்ரோ பரவால்ல மாமா. பிளாட்பாரத்துல கண்ணாடிக் கதவு. வண்டி வந்து நின்னாத்தான் திறக்கும். தரையில சாப்பிடலாம், அவ்ளோ சுத்தம்."

மாமா நடையை நிறுத்தினார்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு."

"இது தொள்ளாயிரத்து நாலு. எத்தனை ஸ்டேஷன் வெச்சிருக்கீங்க? இங்க நானூத்து எழுபத்திரெண்டு. சரி, அதை விடு. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ஊர்ல ரயில் உண்டா?"

"பதினோரு மணியோட சரி மாமா. ரெண்டு மணிக்கு நான் எங்க போகப்போறேன்?"

"நீ போறியா இல்லையாங்கறது பேச்சில்ல. போகணும்னா போகலாமா? இங்க போகலாம். விடிய விடிய ஓடும். புயல், ஸ்ட்ரைக், கோவிட்னு ஏதாவது வந்தாத்தான் ராத்திரியில இதை இழுத்துப் பூட்டுவாங்க."

அத்தை பின்னாலிருந்து, "உங்க மாமா ஒன்பதரைக்குத் தூங்கிடுவார்டா" என்றாள்.

கட்டணம் ஏறும்போதும் இப்படித்தான். 1904 முதல் 1948 வரை ஐந்தே சென்ட் என்று தாத்தா காலத்துக் கதை சொல்லிப் புலம்புவார். 2026 ஜனவரியில் 3 டாலர் ஆனபோது உலகமே முடிந்தது என்றார். அதே வாயால், ஒரே கட்டணத்தில் கடற்கரையிலிருந்து பிராங்க்ஸ் வரை போகலாம், எந்த ஊரில் கிடைக்கும் என்று விருந்தாளியிடம் சவால் விடுவார்.

உண்மையைச் சொன்னால் நேரத்துக்கு வரும் ரயில் அவர் குடியைக் கெடுத்துவிடும். அந்த ஊரில் பிந்தி வந்தவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. வாசலில் நுழையும்போதே ரயிலின் பெயரைச் சொன்னால் போதும். எதிரே இருப்பவர் தலையாட்டி, தன் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நம்பாத மேலதிகாரி வாய்த்தால் அதற்கும் வழி உண்டு. இன்ன தடத்தில் இன்ன நேரத்தில் ரயில் தாமதம் என்று வாரியமே எழுதித் தரும், விண்ணப்பித்தால் போதும். பள்ளிக்கூடத்துக்கு அப்பாவிடம் கடிதம் வாங்கிப் போன மாதிரி, ஐம்பது வயதில் அரசாங்கத்திடம் கடிதம் வாங்கி ஆபீசுக்குப் போகலாம். தூங்கியது, பாஸ்போர்ட்டைத் தேடியது, மனைவியோடு சண்டை போட்டது எல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். எத்தனை குடும்பங்களை அந்த சிக்னல் கோளாறு காப்பாற்றியிருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

குவீன்ஸில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பன்னிரண்டு மணி என்று சொல்வார்கள். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது ஒன்றரை. வார இறுதிப் பராமரிப்பு, பஸ் மாறுதல், எக்ஸ்பிரஸ் லோக்கலாக ஓடுவது எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு அது. பன்னிரண்டுக்குத்தான் குக்கர் அடுப்பில் ஏறும். ஒரு ஞாயிறு என்ன நேர்ந்ததோ, எந்தத் தடத்திலும் வேலை இல்லை. சிக்னல் எல்லாம் பச்சை. நடைமேடையில் கழுத்தை நீட்டுவதற்குள் வண்டி வந்தது. மாற வேண்டிய இடத்தில் அடுத்த வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. புரூக்ளின்காரர்கள், பிராங்க்ஸ்காரர்கள், இரண்டு குழந்தைகளோடு வந்த ரூஸ்வெல்ட் தீவுக்காரர்கள் என்று ஒன்பது பேர் சரியாகப் பன்னிரண்டுக்குக் கதவைத் தட்டினார்கள். பருப்பு இன்னும் டப்பாவில் இருந்தது. வீட்டுக்காரர் தலையில் ஷாம்பூ நுரையும் இடுப்பில் துண்டுமாகக் கதவைக் கால்வாசி திறந்து, வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்.

"என்னய்யா இது," என்றார், "ரயிலுக்கு என்ன ஆச்சு?"