கால் கழுவிய மின்சாரம்

சென்னை மாநகரின் உயர்தர ஒலிச்சாதன மாளிகையாரின் திருச்சமூகத்துக்கு, தாம்பரத்துக்கு அப்பாலிருந்து காது மந்தமான வாடிக்கையாளன் வணங்கி எழுதிக்கொள்வது.

காது மந்தம் என்பது நானாகச் சூட்டிக்கொண்ட பட்டமல்ல. போன சனிக்கிழமை, தங்கள் குளுகுளு டெமோ அறையில், என் மனைவியின் முன்னிலையில் தங்கள் விற்பனைத் தம்பி அருளியது. ஆம்ப்ளிஃபையரின் பவர் கார்டு பிளக் கருகிவிட்டது, வேறொன்று கொடுங்கள் என்றுதான் வந்தேன். "சாதா கார்டெல்லாம் நாங்க வைக்கிறதில்ல அங்கிள்" என்றார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டை முதலில் ஒரு கேபிளிலும், பிறகு கட்டைவிரலைவிடத் தடித்த இன்னொரு கேபிளிலும் ஓடவிட்டார். வித்தியாசம் தெரிகிறதா என்றார். தெரியவில்லை என்றேன். உடனே என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, அங்கிளுக்கு ஹை ஃப்ரீக்வென்சி போயிருக்கும். ஒரு ஈ.என்.டி. டாக்டரப் பாத்துடுங்க." அவளும் பல வருடச் சந்தேகம் தீர்ந்ததுபோல் தலையாட்டினாள்.

தடித்த கேபிளின் நீளம் ஒன்றரை மீட்டர். விலை 1,85,000 ரூபாய். அதன் மகிமையைத் தம்பி விளக்கியபோது என் கண்கள் பனித்தன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அழுக்கானதாம். இந்தக் கேபிள் அதைச் சுத்தப்படுத்தி ஆம்புக்குள் அனுப்புமாம். புரிந்தது. நெய்வேலியிலோ மேட்டூரிலோ பிறந்து, உயர் அழுத்த அலுமினியக் கம்பிகளில் காடுமேடெல்லாம் தாண்டி, துணை மின்நிலையங்களில் படிப்படியாக இறங்கி, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் 11,000 வோல்ட்டிலிருந்து வீட்டு அளவுக்கு ஒடுங்கி, அணில் ஓடும் கம்பி வழியாக மீட்டர் பெட்டிக்கு வந்து, என் மாமனார் காலத்து வயரிங்கில் புகுந்து சுவிட்ச் போர்டுவரை வருகிற மின்சாரம், தங்கள் ஒன்றரை மீட்டரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைகிறது.

கேபிளின் மேல் அம்புக்குறி வேறு. அந்தப் பக்கமாகத்தான் ஓடவேண்டுமாம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வந்த வேகத்தில் திரும்பிப் போகும். அப்படியென்றால் நொடிக்கு 50 தடவை உள்ளே வந்து, 50 தடவை வாசலுக்கு ஓடி, ஒவ்வொரு தடவையும் மறுபடி கால் கழுவுகிறது. தண்ணீர் லாரிக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்?

ஆம்புக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதற்கப்புறம் ரெக்டிஃபையர் அதை டி.சி. ஆக்குகிறது, பெரிய கெப்பாசிட்டர்கள் ஏற்ற இறக்கத்தை மழுக்குகின்றன. அதாவது கால் மட்டுமல்ல, தலைக்கே ஊற்றிக் குளிப்பாட்டித் துவட்டித்தான் பாட்டுக்கு அனுப்புகிறார்கள். இதைச் சொன்னால் தம்பி சிரிக்கிறார். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள சாதா கார்டில் 2 ஆம்பியர் ஓடினால் வீணாவது 0.1 வோல்ட்கூட இல்லை. சாயங்காலம் தெருவே ஏசி போடும்போது எங்கள் வீட்டில் 230 வோல்ட் 205-க்கு வந்து நிற்கிறது. அதற்குத் தங்களிடம் கேபிள் உண்டா?

எந்தக் கேபிள் ஓடுகிறதென்று சொல்லாமல் மறைத்து மாற்றுங்கள், காதால் கண்டுபிடிக்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்தால் மனசு பதறி வித்தியாசம் தெரியாமல் போய்விடுமாம். ஜேம்ஸ் ராண்டி என்ற அமெரிக்க மந்திரவித்தைக்காரர் 2007-இல், 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளை இன்னொரு கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். பணத்தை யாரும் வாங்கிப் போகவில்லை. பாவம், எல்லாருக்கும் மனசு பதறியிருக்கும்.

நிற்க. பிளக்கைப் பார்த்தேன். தங்கமுலாம் பூசிய அமெரிக்கப் பிளக். 125 வோல்ட்டுக்கானது. நம் மூன்று துளை சாக்கெட்டில் நுழையாது. "அதுக்கு இது இருக்கே அங்கிள்" என்று தம்பி ஒரு டிராவல் அடாப்டரை இலவசமாக நீட்டினார். அதில் இருந்தது இரண்டே பின். எர்த் இல்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு எர்த்தைப் பிடுங்கிவிட்டுத் தருகிறீர்கள். ஆம்புக்குள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து பெட்டியில் பட்டால், பெட்டி முழுக்க 230 வோல்ட். தொடுகிறவர் செத்துப்போகலாம். வால்யூம் திருக வீட்டுப் பிள்ளைகள் கை வைக்கிற பெட்டி அய்யா அது! இதை விற்க உங்களுக்குக் கூசவில்லையா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. ஹை ஃப்ரீக்வென்சி எனக்குக் கேட்காதல்லவா, அளவு தெரியவில்லை.

பிறகு ரிச்சி தெருவுக்குப் போய், கம்ப்யூட்டருக்குப் போடும் அதே மூன்று பின் கார்டை, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, 250 ரூபாய்க்கு வாங்கினேன். ஆம்ப் பாடுகிறது. மின்சாரம் அழுக்குக் காலோடுதான் வருகிறது; ராஜா சார் பொறுத்துக்கொள்கிறார்.

நேற்று தங்கள் தம்பி போனில் அழைத்து, கேபிள் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் மரத் தாங்கிகள் புதிதாக வந்திருப்பதாகவும், ஜோடி 12,000 ரூபாய் என்றும் தெரிவித்தார். நியாயம்தான், கழுவிய காலை மண்ணில் வைக்கலாமா? நெய்வேலியிலிருந்து என் வீடுவரை எத்தனை ஜோடி பிடிக்கும் என்று கணக்கிட்டு கொட்டேஷன் அனுப்பவும். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டவும்.