சூப்பர் சார்

"சார், நைட்டு ரெண்டு மணியிலேர்ந்து பேமென்ட் சர்வர் டவுன்."

"சூப்பர்! இதை மறைக்காம மீட்டிங்ல சொன்னீங்க பாருங்க, அந்த தைரியத்துக்கே எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க."

எல்லோரும் கைதட்டுகிறார்கள். சர்வர் படுத்தது படுத்தபடி கிடக்கிறது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

பழைய மஹாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாடிக்கு ஒருவராவது சூப்பர் சார் இருப்பார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இவரைக் காண்பது அரிது. லேத் நின்றுபோனால் அங்கே யாரும் கைதட்டுவதில்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். சூப்பர் சார் மெயிலில் மூன்று ஆச்சரியக்குறி போடுவார், லிஃப்ட்டில் எதிர்ப்படுபவரிடம் "எனர்ஜி எப்படி இருக்கு?" என்பார், பிறந்தநாள் எதையும் மறக்க மாட்டார். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது திங்கள்கிழமை 'அப்ரிசியேஷன் ரவுண்டு'.

அரை மணி நேரக் கூட்டம். வேலை பற்றிப் பேசுமுன் ஒவ்வொருவரும் இன்னொருவரை மனமாரப் பாராட்ட வேண்டும் என்பது விதி. ஒருவரும் விடுபடக் கூடாது என்பது உபவிதி. நம் மேடைகளில் 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் சோடா கலர் சூடாகிவிடும் அல்லவா, அந்த மரபை ஏசி அறைக்குள் கொண்டுவந்த பெருமை இவரைச் சேரும். குறையொன்றுதான், பொன்னாடை கிடையாது.

பாராட்ட விஷயத்துக்கு எங்கே போவது? கடந்த வாரம் எல்லோரும் செய்தது அவரவர் வேலையை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே, சூப்பர் சார் இல்லாத தனி வாட்ஸ்அப் குழுவில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. "நாளைக்கு நீ என்னைச் சொல்லு மச்சான், நான் உன்னைச் சொல்லிடறேன்." "போன வாரமே உன்னைச் சொல்லிட்டேன்டி, இந்த வாரம் வேற யாரையாவது பிடி." ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் காலையில் சபையில் திணறுவதைப் பார்க்க வேண்டும். ஒருவர், காணாமல்போன ஏசி ரிமோட்டைச் சோபா இடுக்கிலிருந்து மீட்ட புதுப் பையனைப் பாராட்டினார். இன்னொருவர், தனக்கு முன்னால் பேசியவர் சொன்னதையே தானும் வழிமொழிவதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சட்டமன்றத்தில் செல்லுபடியாகும் இது சூப்பர் சாரிடம் செல்லாது. "இல்லல்ல, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று எழுப்பி நிறுத்தினார்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நிலைமை இன்னும் விசேஷம். திரையில் மஞ்சள் கைகள் படபடவென்று மேலெழும்பும். கைதட்டும் பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே மறு கையால் தோசை திருப்பக் கற்றவர்கள் இந்த அணியில் பலர். ரவுண்டு முடியும் தறுவாயில் யாரும் பாராட்டாத ஓர் ஆத்மா எப்படியும் மிஞ்சும். அதைக் கைவிடுவாரா சூப்பர் சார்? "இவரைப் பத்தி நானே சொல்றேன். எப்பவும் மியூட்லதான் இருப்பார். பேக்ரவுண்டு சத்தமே வராது. எவ்வளவு டிசிப்ளின் பாருங்க! சூப்பர்!" பாராட்டப்பட்டவர் பதில் சொல்லவில்லை. மியூட்டில் இருந்தார்.

எல்லாம் முடிந்து மணியைப் பார்த்தால் மிச்சம் நான்கு நிமிடம். ஊரிலிருக்கும் அத்தனை சிக்கலும் அந்த நான்கு நிமிடத்தில் தலைகாட்ட வேண்டும்.

சூப்பர் சார் இதையெல்லாம் தானாகக் கண்டுபிடித்தவரல்ல. படித்தவர், பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வந்தவர். ஊழியர் சர்வேக்காக கேலப் நிறுவனம் வகுத்த புகழ்பெற்ற பன்னிரண்டு கேள்விகளில் நான்காவது, கடந்த ஏழு நாட்களில் உங்கள் வேலைக்குப் பாராட்டு கிடைத்ததா என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. பாராட்டே இல்லாத அலுவலகங்களில் மாடு மாதிரி உழைத்துவிட்டு ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கேள்வியில் 'ஏழு நாள்' என்று பார்த்ததும் சூப்பர் சார் காலண்டரில் வாராந்திரக் கூட்டம் போட்டுவிட்டார். ஆக, சர்வே வரும்போது 'இல்லை' என்று ஒருவரும் சொல்ல வழியில்லை.

அவர் ஸ்லைடில் நிரந்தரமாக ஓர் எண் உண்டு: 2.9013. ஒரு குறைக்கு இத்தனை நிறை சொன்னால் அணி செழிக்கும், குறைந்தால் வாடும் என்று பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் 2005-இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் எழுதினார்கள். தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம்! பாராட்டை மில்லிகிராமில் நிறுத்திருக்கிறார்கள். 2013-இல் நிக் பிரவுன், ஆலன் சோகல், ஹாரிஸ் ஃபிரீட்மன் மூவரும் அதே இதழில், திரவ ஓட்டத்துக்கான சமன்பாடுகளைத் தூக்கி மனித மனத்தின் மேல் வைத்திருக்கிறார்கள், இந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். கணிதப் பகுதியை இதழும் திரும்பப் பெற்றது. முதலில் சந்தேகப்பட்ட நிக் பிரவுன், கணினித் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஐம்பது வயது வாக்கில் உளவியல் படிக்கப் போனவர். எத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்து வெந்திருப்பாரோ! இந்தச் செய்தியை ஒருவர் பணிவாக எடுத்துச் சொன்னபோது சூப்பர் சார் நெகிழ்ந்துபோனார். "சூப்பர் ஃபைண்டிங்!" என்றார். ஸ்லைடு மாறவில்லை.

குறை சொல்வதானால் அதை இரண்டு பாராட்டுக்கு நடுவே வைத்துச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அழகுசாதனத் தொழிலதிபர் மேரி கே ஆஷ் 1984-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதுதான் சாண்ட்விச் முறை என்று இன்று பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. சூப்பர் சாரின் சாண்ட்விச்சில் நடுவில் ஒன்றும் இருக்காது. ரொட்டி, அதன்மேல் ரொட்டி. தான் செய்த வேலை சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பக்கத்து டீமில் போய்த்தான் கேட்க வேண்டும்.

கேலி செய்து சிரிக்கலாம்தான். ஆனால் சிரிப்பு வராத சில இடங்களும் இருக்கின்றன. "தங்கச்சி கல்யாணத்து அன்னைக்கும் மண்டபத்துலேர்ந்து லாகின் பண்ணி டெலிவரியை முடிச்சார், கைதட்டுங்க" என்று சொன்னால், அது கைதட்டியவர்களுக்கு விடுக்கப்பட்ட உத்தரவு. இனி யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் லேப்டாப் மண்டபத்துக்கு வந்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சர்வரோடு மல்லுக்கட்டும் பெண்ணுக்கும், ரிமோட் கண்டெடுத்த பையனுக்கும், மியூட்டில் இருந்தவருக்கும் நவராத்திரிச் சுண்டல் மாதிரி ஆளுக்கு ஒரு கை என்றால், ராத்திரி விழித்தவளுக்கு அது மரியாதையா? அவள் கேட்டது, விழித்த ராத்திரிக்கு ஈடாக ஒரு நாள் காம்ப்-ஆஃப். அதற்கு சார் 'பாலிசி பார்க்கணும்' என்றார். கிடைத்தது மஞ்சள் கை. இப்படி வருஷம் முழுக்க 'சூப்பர்' வாங்கியவர்கள் மார்ச் மாத அப்ரைசலில் போய் உட்கார்ந்தால், 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று ஒரு வரி. "பெல் கர்வ்பா, என் கையில ஒண்ணும் இல்ல" என்பார். கூட்டத்தில் அத்தனை பேரும் சிகரம், சம்பளப் பட்டியலில் அத்தனை பேரும் சமவெளி. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அதே மனிதர்தான், டெஸ்டர் ஒருவரின் அப்பா மூளையில் ரத்தக்கசிவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் வராந்தாவில் நின்று, போன் மேல் போன் போட்டு நாலு பேரை ரத்தம் கொடுக்க வரவழைத்தவர். அன்று ஒரு தடவைகூட 'சூப்பர்' சொல்லவில்லை. "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டாராம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்க மேலதிகாரிகளோடு அவருக்கு ஒரு கூட்டம் உண்டு. அதில் அவரை யாரும் பாராட்டிக் கேட்டதாக அணியில் ஒருவருக்கும் நினைவில்லை.

கைதட்டுவதிலேயே ஒரு கலை இருக்கிறது. 2006-இல் போயிங்கிலிருந்து ஃபோர்டுக்குத் தலைவராக வந்தார் ஆலன் முலாலி. வாராவாரம் அதிகாரிகள் தங்கள் வேலைநிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்றார். எல்லாம் பச்சையாகவே வந்தது. கம்பெனியோ அந்த ஆண்டில் 1,200 கோடி டாலருக்குமேல் இழந்துகொண்டிருந்தது. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி 'எட்ஜ்' காரின் பின்கதவுக் கோளாறைச் சிவப்பில் காட்டினார். இவர் கதை முடிந்தது என்று அறை உறைந்தது. முலாலி கைதட்டினார். தட்டிவிட்டு, இதில் யார் உதவ முடியும் என்று கேட்டார். மற்ற அதிகாரிகள் உடனே ஆள் அனுப்ப முன்வந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் எல்லோருடைய பட்டியலிலும் நிறம் மாறத் தொடங்கியது.

இந்தக் கதையை, சாருக்கு உறைக்கட்டும் என்று, அணியில் ஒருவர் சாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சூப்பர் சாருக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. கைதட்டிய இடம் வரைதான் படித்திருப்பார் போலும். மறு திங்களே 'இந்த வாரச் சிவப்பு' என்று ஒரு விருது அறிவித்தார். மிகப் பெரிய சிக்கலைச் சொல்பவருக்குக் கோப்பை, புகைப்படம், மும்முறை கைதட்டல். முதல் வாரம் விருது வாங்கியது பேமென்ட் சர்வர். இரண்டாம் வாரமும் அதுவே. மூன்றாம் வாரமும். நான்காம் வாரம், தொடர்ந்து நான்கு முறை வென்ற சாதனைக்காக சர்வருக்குத் தனியாக ஒரு ரவுண்டு கைதட்டினார்கள். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ரவுண்டு முடியட்டும் என்று சார் சைகை காட்டினார்.