கையெழுத்துக்காரி

பெரியோர்களே, தாய்மார்களே, முக்கியமாகத் தாய்மார்களே! நம் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி பதவிக்கு நான் நிற்கிறேன். இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று டீக்கடையில் கேட்கிறார்களாம். ஆறு வருஷமாக அந்தப் பள்ளி வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இப்போது தேர்தலில் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளியில் எனக்குத் ‘தன்னார்வலர்’ என்று பட்டம். ஆர்வம் என்னுடையது, ஆதாயம் அவர்களுடையது. ஆண்டுவிழாவுக்கு விடிகாலையில் கோலம் போட்டவள் நான். அதிகாரி ஆய்வுக்கு வந்த நாளெல்லாம் டீயும் வாழைப்பழமும் சொந்தக் காசில் வாங்கி வந்தவளும் நான்தான். “உங்களை மாதிரி நாலு பேரண்ட்ஸ் இருந்தா போதும்மா” என்று தலைமையாசிரியர் வாயாரப் புகழ்வார். அந்தப் புகழ் எதுவரை நீடித்தது? தீர்மான நோட்டை நான் ஒருநாள் திறந்து படிக்கும்வரை.

போன குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பதே அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு கூட்டங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். இரண்டு தீர்மானங்களை முன்மொழிந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் நன்றியுரைகூட ஆற்றியிருக்கிறேன். நன்றாகத்தான் பேசியிருப்பேன் என்று நம்புகிறேன். கையெழுத்து என்னுடையதுதான், பொய் சொல்லக் கூடாது. ரேஷன் கடைக்குப் போகிற வழியில் “ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்கம்மா” என்று கூப்பிட்டு, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டது. அப்போது மேலே வெறும் வெள்ளைத் தாள். பிறகு யாரோ முத்து முத்தான எழுத்தில் அதில் ஜனநாயகத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. 2022இல் தமிழ்நாட்டில் குழுவுக்கு 20 பேர் என்றார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். ஆள் கூடக் கூட எனக்கு வாழைப்பழச் செலவும் கூடியது.

சரி, செலவைப் பார்ப்போமே என்று பார்த்தேன். நம் பள்ளியில் 112 பிள்ளைகள். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. நோட்டில் 5,000 ரூபாய் பைசா பிசகாமல் செலவாகியிருந்தது. பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம். அத்தனை பினாயிலை நம் ஏரியில் ஊற்றியிருந்தால் தண்ணீர் பாலாக மாறியிருக்கும். எங்கே ஊற்றினார்கள்? பெண் பிள்ளைகளின் கழிப்பறை வருஷம் முழுக்கப் பூட்டித்தானே கிடக்கிறது!

பித்தளைப் பூட்டு. அதன் சாவி ஆசிரியர் அறையில், தினசரி காலண்டருக்குக் கீழே, ஓர் ஆணியில் சிவப்பு நாடா கட்டித் தொங்குகிறது. ஆய்வு நாளன்று காலையில் இறங்கும். அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியதும் ஆணிக்கு ஏறிவிடும். ஏன் சார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். “திறந்து விட்டா புள்ளைங்க அசிங்கம் பண்ணிடுதுங்கம்மா” என்றார். வேறென்ன செய்வார்கள் சார், உள்ளே உட்கார்ந்து ஆத்திசூடி ஒப்பிப்பார்களா?

என் மகள் எட்டாம் வகுப்பு. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். பெண் சமர்த்து, தண்ணீரைக்கூடச் சிக்கனமாகச் செலவழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்ட மடச்சி நான். நீர்க்கடுப்பில் சுருண்டு படுத்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் வகுப்பில் எந்தப் பெண்ணின் பாட்டிலும் குறைவதில்லை. மாதத்தில் மூன்று நாள் பாட்டிலும் வருவதில்லை, பெண்ணும் வருவதில்லை. கேட்டால் ‘காய்ச்சல்’ என்று லீவு லெட்டர். மாதம் தவறாமல், முறை வைத்து வரும் இந்த அதிசயக் காய்ச்சலைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று நோட்டு முழுக்கத் தேடினேன். என் நன்றியுரைதான் கிடைத்தது.

“மேலேயிருந்து நிதி வரலம்மா” என்று இப்போது புதுப் பாட்டு. உண்மைதான். 2024-25க்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்திவிட்டது என்று சென்னை முறையிட்டது. பெரியவர்கள் சண்டை, நான் குறுக்கே போகவில்லை. ஆனால் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுக்க எத்தனை கோடி சார் ஆகும்?

என்னை எதிர்த்து நிற்பவர் வார்டு மெம்பரின் கொழுந்தியாள். நல்ல பெண், கேள்வியே கேட்க மாட்டாள். அதுதான் அவளுடைய தகுதி. அவளுடைய மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் மஞ்சள் வேனில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள். பெற்றோர்தான் தலைவியாகலாம் என்று விதி இருப்பதால், கடைக்குட்டியை மட்டும் போன மாதம் நம் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் அந்தக் குழந்தையும் வேன் ஏறிவிடும். அவள் ஜெயித்தால் நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் உட்காருவார். பஞ்சாயத்துத் தலைவியின் கணவர் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலியைப் பார்த்த ஊர்தானே இது.

என் வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: “தேர்தல் அன்னைக்கு நீங்க வீட்ல இருந்து உலை வைங்க.”

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் தேர்தல் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது தெரியும். போன தடவை மாதிரி வாசலிலேயே கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், போகாதீர்கள். செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றிவிட்டுக் கூட்டம் முடிந்தது என்பார்கள், எழுந்திருக்காதீர்கள். இந்தத் தடவை டீ கிடையாது, நான் வாங்கப் போவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தை மூன்று மணி நேரம் இழுப்பது என் பொறுப்பு. பாதியில் அவசரமாக எழுந்து போகிறவர்கள், சாவி எங்கே என்று என்னைக் கேட்க வேண்டாம், நேரே தலைமையாசிரியரிடமே கேளுங்கள்.