தயவுசெய்து ஏகாதசியில் வேண்டாம்

கல்வெட்டு எழுதுகிறவனை எழுத்தாளன் என்று சொல்லலாமா என்பது எங்கள் வீட்டில் நெடுங்காலமாக இழுபடும் வழக்கு. வாதி நான். பிரதிவாதி என் மனைவி. தீர்ப்புச் சொல்பவளும் அவள்தான் என்பதால் வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

கல்வெட்டு என்றதும் தமிழகத்து வாசகர்கள் சோழர் காலத்துக்குப் போய்விட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அது, ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து சாப்பிட்டுக் கைகழுவி வருபவர்களிடம் கொடுத்துவிடும் சிறு புத்தகம். அட்டையில் காலமானவரின் படம். உள்ளே தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். முகப்பில், எல்லாவற்றுக்கும் முன்னால், திதி வெண்பா. இன்னார், இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன பட்சத்து இன்ன திதியில் சிவபதம் அடைந்தார் என்பதை நாலே அடியில், தளை தட்டாமல் சொல்லி முடிக்க வேண்டும். அடுத்த வருடம் திவசம் செய்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நாளைக் கண்டுகொள்வார்கள். ஆக, என் கவிதையால் உலகுக்கு ஒரு பயன் உண்டு. இன்றைய கவிஞர்களில் எத்தனை பேர் இப்படி மார்தட்ட முடியும்?

நான் கரம்பொன்காரன். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், தனிநாயகம் அடிகளார் 1913 இல் பிறந்த ஊர். அவர் 1952 இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். நான் நயினாதீவு, நெடுந்தீவு மட்டும் கொண்டுபோயிருக்கிறேன். அதுவும் கடல் கொந்தளிக்காத நாளென்றால்.

வாலிபத்தில் எனக்கும் பெரிய கனவெல்லாம் இருந்தது. கவிதைத் தொகுதி ஒன்று போட்டேன். வெளியீட்டு விழாவில் மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. ஆய்வுரையாளர் தன்னுடைய கவிதைகளை விரிவாக ஆய்வு செய்தார். முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டவர் என் மைத்துனர். சிறப்புப் பிரதிகளைப் பெற்றுக்கொண்டவர்களும் மைத்துனர்மார்தான். மனைவிக்குச் சகோதரர்கள் அதிகம். மீதிப் பிரதிகள் வீட்டுக்கு வந்து, நிலத்து உவர் தின்னாமல் அரிசிப் பீப்பாவுக்கு அடியில் அடைகொடுக்கப் போயின. வருபவர்களிடம் அவள் பெருமையாகவே சொல்லுவாள்: “இவற்றை கவிதையிலைதான் எங்கட வீட்டுச் சோறு நிக்குது.” பிறகு என் பக்கம் திரும்பி, “டொமினிக் ஜீவா மல்லிகையைக் கையிலை கொண்டு தெருத்தெருவா நடந்து வித்தவராம். நீங்கள் படலையடிக்கும் கொண்டுபோகேல்லை” என்பாள். ஜீவா 1966 இல் அந்த இதழைத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தியவர். ஒரு மனிதரின் கால் பலத்தை இன்னொரு மனிதரிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெறாமகன் ஒருவன் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “பெரியப்பா, இவ்வளவு காலமா எழுதுறியள், அலுக்கேல்லையோ? அந்தச் சந்தோசம் குறையாமல் எப்பிடி இருக்குது?” என்று கேட்டான். நான் தொண்டையைச் செருமி, “எழுத்து என்பது ஒரு தவம்” என்று தொடங்கினேன். குசினிக்குள் இருந்து குரல் வந்தது: “தவமிருக்கிற ஆக்கள் நேரத்துக்கு நேரம் பிளேன்ரீ கேக்க மாட்டினம்.” பேட்டி அவ்வளவோடு முடிந்தது. ஆகவே பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், பணம் காரணமல்ல. கல்வெட்டுக்கு நான் காசு வாங்குவதில்லை; கேட்கத் துணிவில்லை என்பதை இப்படி நாகரிகமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் சொக்கிலேற்றும் கோடாலித் தைலமும் தருவார்கள். எனக்குச் சலரோகம், சொக்கிலேற் மனைவிக்கு. அவளுக்கு முழங்கால் நோ, தைலமும் அவளுக்கு.

புகழும் காரணமல்ல. கல்வெட்டில் ஆக்கியோன் பெயர் அச்சகத்தின் பெயரை விடச் சின்ன எழுத்தில் வரும். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் எங்கள் பகுதி நினைவு மலர்களையும் வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதில் என் வெண்பாக்கள் சில இருப்பதைக் கண்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தாள். “ஓம், ஐயாத்துரை அண்ணையின்ரை படம் நல்லா வந்திருக்கு” என்றாள்.

வாடிக்கையாளர்களின் பாராட்டும் காரணமல்ல. அவர்களுடைய கேள்விகள் வேறு மாதிரி. இரவு ஒன்றரைக்கு வைபரில் அழைத்து, “அங்கிள், அப்பாவைப் பற்றி உருக்கமா எழுதுங்கோ” என்பார்கள். அப்பா பக்கத்து வளவுக்காரரோடு வேலிக்கு வழக்காடி, ஒரு பூவரசங் கதியாலுக்காக நீதிமன்றப் படியைத் தேய்த்தவர். ‘எல்லை காத்த ஏந்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பக்கத்து வளவுக்காரரும் வாசித்துவிட்டு, “உண்மைதான்” என்றார். மாமியோடு வாழ்நாளில் முகம் பார்த்துக் கதைக்காத மருமகளின் புலம்பல்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி. நான் மனைவியாகவும் மகளாகவும் மருமகளாகவும் மாறி மாறிக் கட்டிலில் இருந்து புலம்பிப் பார்ப்பேன். அயலவர்கள் பழகிவிட்டார்கள்.

அப்படியானால் சந்தோசம் எங்கே இருக்கிறது? திதி வெண்பாவில். அது ஒரு பூட்டு. ஒவ்வொரு சாவோடும் புதிதாக ஒரு பூட்டு வந்து சேர்கிறது. போன பூட்டின் திறப்பு இதற்குச் சேராது.

காரிகை படித்தவர்களுக்குத் தெரியும், வெண்பாவுக்குள் கனிச்சீர் வரக்கூடாது. 2023 சித்திரையில் சோபகிருது வருடம் பிறந்தது. சோ, பகி, ருது என்று பிரித்துப் பாருங்கள்: கூவிளங்கனி. வருடத்தின் பெயரே வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறது. ‘சோப’வை ஒரு சீரிலும் ‘கிருது’வை அடுத்த சீரிலும் வெட்டி வைத்து வகையுளி என்று சமாதானம் சொல்ல வேண்டும். அதற்கடுத்தது குரோதி. பெயருக்குத்தான் குரோதி, அருமையான புளிமா. அந்த வருடம் காலமானவர்கள் எல்லாரும் என்மேல் அன்புள்ளவர்கள். 2025 இல் வந்த விசுவாவசு புளிமாங்கனி, திரும்பவும் கத்தி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னால் வருவது பராபவ, சுத்தமான கருவிளம். விசுவாவசுவின் பங்குனி மாதத்துக் கடைசியில் ஒரு செத்தவீட்டுக்குப் போய், “இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்” என்று மனமுருகிச் சொன்னேன். பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் நினைத்தது பராபவ வருடத்தை.

திதிகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. ‘ஏகாதசி மரணம், துவாதசி தகனம்’ பெரும் பாக்கியம் என்பார்கள் பெரியவர்கள். மோட்சத்தில் இடம் கிடைக்கலாம். வெண்பாவில் கிடைக்காது. ஏகாதசி தேமாங்கனி. திரயோதசியும் கனி. இடையில் நிற்கிற துவாதசி மட்டும் கருவிளமாக வந்து என் வயிற்றில் பால் வார்க்கும். ஆட்களின் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். பொன்னம்பலம், சிற்றம்பலம், தனிநாயகம் என்று எங்கள் மூதாதையர் ஆசை ஆசையாய் வைத்த பெயரெல்லாம் கனி. ஆறுமுகம் என்றால் கூவிளங்காய், நிம்மதி. ஈற்றடியின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும் என்பது வேறு. ஒருவருடைய இறப்பைப் பிறப்பில் முடிக்கிற கலை இது. காசு என்று என் கைக்கு ஒன்று வருவதும் அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில், பென்சிலால், பனங்கட்டி கடித்துக்கொண்டு செய்வேன் (சலரோகம் பற்றி மேலே எழுதியதை மனைவி வாசிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்). காரைநகருக்குப் போகும் பாதையில் நின்று, அதாவது கடலைக் கடத்திவிடும் மிதவையில் நின்று, ஒருநாள் விரல் மடித்து அசை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் அனுதாபத்தோடு கேட்டார்: “சீட்டுக்காசோ மாஸ்ரர்? ஆர் ஏமாத்தினது?”

பூட்டுப் பைத்தியம் எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நயினாதீவில் வரகவி நாகமணிப் புலவர் என்று ஒருவர் இருந்தார். ‘நயினை மான்மியம்’ பாடினவர். அது போதாதென்று நிரோட்டக யமக அந்தாதியும் பாடினார். அந்தாதி என்றால் ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். யமகம் என்றால் வந்த எழுத்துக்களே திரும்பவும் வேறு பொருளில் வர வேண்டும். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ எல்லாம் வெளியே, உகர ஒகரங்களும் வெளியே. யோசித்துப் பாருங்கள். பாடுவது நாகபூஷணி அம்மன் தலத்தை. ‘அம்மா’ என்று கூப்பிட முடியாது, உதடு ஒட்டும். ‘நாகபூஷணி’ என்று சொல்ல முடியாது, ‘பூ’வில் உதடு ஒட்டிக் குவியும். தப்பிப் பிழைத்தது ‘நயினை’ ஒன்றுதான். தாயின் வாசலில் நின்று தாயின் பெயரையே சொல்லாமல் தாயைப் பாட ஒரு மனிதர் விரும்பி உட்கார்ந்தார் என்றால், அவர் காசுக்காகவா புகழுக்காகவா உட்கார்ந்திருப்பார்? நானும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உதடு ஒட்டாமல் கதைத்துப் பார்த்தேன். மனைவி சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள், வாய் கோணுகிறதென்று.

பெரிய எழுத்தாளர்களைப் பார்த்தாலும் எனக்கு இதே குணம்தான் தெரிகிறது. செங்கை ஆழியான், அதாவது க. குணராசா, அரச நிர்வாகப் பதவியில் இருந்துகொண்டே எழுதினார். ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என்று சிரிக்க வைத்தவர், நெடுந்தீவுக் கரையில் வாடியடித்துத் தங்கும் மீனவர்களை வைத்து 1973 இல் ‘வாடைக்காற்று’ எழுதினார். அது படமாகவும் வந்தது. இடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புவியியல் புத்தகம். அலுக்க நேரமிருந்திருக்காது. புங்குடுதீவு மு. பொன்னம்பலம் 1968 இல் ‘அது’ என்று கவிதையில் தொடங்கி, சிறுகதை, நாவல், விமர்சனம், ‘திசை’ வாரப் பத்திரிகை என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டை மாற்றிக்கொண்டே இருந்து 2024 இல் மறைந்தார். அவருடைய அண்ணர் மு. தளையசிங்கம், இருக்கிற பூட்டுகள் போதாமல் ‘மெய்யுள்’ என்று புதிய இலக்கிய வடிவத்தையே உண்டாக்கினார். நன்னீர்க் கிணற்றில் சாதி பார்த்ததை எதிர்த்து நின்று பொலிசின் அடி வாங்கியவர். 1973 இல், நாற்பது வயது காணாமல் போய்விட்டார். அதே ஊர் சு. வில்வரத்தினம், சனம் இடம்பெயர்ந்து வெறிச்சோடிய தீவைக் ‘காற்றுவெளிக் கிராமம்’ ஆக்கினார். வாசிக்க ஆளில்லாத ஊரைப் பற்றியும் எழுத ஒருவருக்கு மனம் வந்தது. அதற்குப் பிறகு நான் என் பீப்பாவைப் பற்றிக் குறைப்படுவதில்லை.

போன மாதம் நெடுந்தீவில் இருந்து ஓர் ஆச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். குறிகட்டுவானில் படகேறி, மாவிலித்துறையில் இறங்கி, வயிற்றைச் சரிப்படுத்திக்கொண்டு போனேன். யார் மோசம் போனது என்று மெல்லக் கேட்டேன். “ஒருத்தரும் இல்லை. எனக்குத்தான்” என்றார் ஆச்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்து கண்டபடி எழுதிப்போடுவார்களாம். தான் இருக்கும்போதே எழுதி, வாசித்து, திருத்தி, பெட்டிக்குள் வைத்துவிட வேண்டுமாம். இவ்வளவு காலத்தில், பாட்டுடைத் தலைவியே பிழை திருத்துகிற வாய்ப்பு எனக்கு இதுதான் முதல் தடவை. கல்மதில் நிழலில் கதிரை போட்டுத் தந்தார்கள். மருமகள் புலம்பலை முழுக்க வெட்டச் சொன்னார். “அவள் அழமாட்டாள், பொய் எழுதாதையும்.” மருமகள் தேத்தண்ணியோடு பக்கத்தில்தான் நின்றாள், மறுத்துப் பேசவில்லை.

கடைசியில் வெண்பாவுக்கு வந்தோம். ஆச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“இதென்ன தம்பி, மூண்டாம் வரியிலை இடம் வெறுமையாக் கிடக்கு?”

“அதிலை திதி வரும் ஆச்சி. அதை நீங்கள்தான்...” நான் விழுங்கினேன்.

ஆச்சி சற்று யோசித்தார். “உனக்கு எது லேசு?”

தொழில் புத்தி முந்திக்கொண்டது. “துவாதசி.”

“ஏகாதசி விரதம் பிடிக்கிறனான். அடுத்த நாள் விடிய பாரணை கிடக்கு, அண்டைக்கு ஏலாது” என்றார் ஆச்சி. “நவமி சரிவருமோ பார்.”

நான் விரலை மடித்துப் பார்த்தேன். சரிவந்தது.